உடையாத காடி

ரிமோட் கண்ட்ரோல் மான்ஸ்டர் டிரக் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது மண்ணை. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகம் அதற்கு அப்புறம்தான். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டினால் மூன்று வகை மண்ணைத் தாண்டிவிடலாம். கடலோரமாக ஜெராம், தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் சாம்பல் நிறக் களிமண். மழை பெய்த அன்று சக்கரத்தில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே இரண்டு மடங்காக்கும். உள்ளே ராஜா மூசா பக்கம் மக்கிய இலையும் வேருமாகக் கறுத்த சதுப்பு மண். நீர் நிற்கும் மாதங்களில் கால் புதையும், வறண்ட மாதங்களில் அடியில் நெருப்புப் பிடித்து நாள்கணக்கில் புகையும். பெஸ்தாரி ஜெயா, பத்து ஆராங் பக்கம் மேடேறினால் செம்மண்ணும் சரளையும். அந்தத் தூசு எந்த இடுக்கிலும் நுழைந்து, எண்ணெயோடு கலந்து, உப்புத்தாள் மாதிரி பல்சக்கரத்தைத் தேய்க்கும்.

பெஸ்தாரி ஜெயா என்று எழுதுகிறேன். 2007இல் மாறிய பெயர் அது. எங்கள் வீட்டில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.

என் தங்கை மகனுக்குப் பதினோரு வயது. "மாமா, ஒடையாத காடியா பாத்து வாங்கிக் கொடுங்க" என்று கேட்டான். பாசார் மாலாமில் வாங்கிய இரண்டு ரிமோட் காடிகள் ஏற்கெனவே அவன் கட்டிலுக்கு அடியில் செத்துக் கிடந்தன. ஒன்றில் முன்சக்கரம் திரும்பாது, மற்றதில் திரும்பும், ஆனால் ஓடாது. இரண்டையும் கழற்றிப் பார்க்க முயன்றேன். ஒன்றில் திருகாணியே கிடையாது; பசை போட்டு மூடியிருந்தார்கள். அவன் சொன்ன 'ஒடையாத' என்ற சொல்தான் என்னை இந்தக் கட்டுரைக்குள் இழுத்து வந்தது. தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்தது.

வடக்குச் சிலாங்கூர் தோட்டங்களின் வரலாற்றை அங்கே ஓடிய வண்டிகளை வைத்தே ஓரளவு எழுதிவிடலாம். பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே செம்பனையை வர்த்தகப் பயிராக நட்டார். மலாயாவின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டம் அதுதான். அதற்கு முன் கோலசிலாங்கூருக்கு அருகில் ரந்தாவ் பாஞ்சாங்கில் அழகுக்காகச் சில மரங்களை வளர்த்துப் பார்த்திருந்தார். (நாட்டின் முதல் செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னமரம் என்று பெயர் அமைந்ததை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன்.) பின்னாளில் அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. இலக்கிய வாசகர்கள் அவரை அந்த நாவலால் அறிவார்கள். எனக்கு அவர் முக்கியமாவது வேறு காரணத்துக்காக. அவர் நட்ட மரம் தோட்டத்தின் பாரத்தை மாற்றியது. கித்தாக்காட்டில் பாலைத் தோளில் காண்டா போட்டு வாளியில் தூக்கலாம். செம்பனைக் குலை அப்படியில்லை. ஒரு குலையே இருபது கிலோவைத் தாண்டும், ஆயிரக்கணக்கில் அறுப்பார்கள், அறுத்ததை அதிக நேரம் போட்டுவைத்தால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும். ஆகவே செம்பனை வந்த இடமெல்லாம் வண்டியும் வர வேண்டியதாயிற்று. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, எருமை வண்டி, டிராக்டர், லோரி. எருமைக்குப் பதிலாகப் பிற்காலத்தில் வந்த மூன்று சக்கர இயந்திர வண்டிக்கும் 'மெக்கானிக்கல் பபலோ' என்று எருமைப் பெயரையே வைத்தார்கள்.

அந்த வண்டிகளில் யார் ஏறலாம் என்பது வேறு கதை. துரைக்குக் கார், கிராணிக்கு மோட்டார் அல்லது சைக்கிள், மண்டோருக்கு சைக்கிள். மற்றவர்களுக்குக் கால். ஏதோ காசு சேர்த்து ஒருவர் சைக்கிள் வாங்கினாலும் முழு உரிமையோடு ஓட்ட முடியாது. 1941இல் கிள்ளானில் தொடங்கி சிலாங்கூரின் மற்ற பகுதிகளுக்குப் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் சம்பள உயர்வும் கள்ளுக்கடை மூடலும் இருந்ததைப் பலர் சொல்வார்கள். அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: தோட்ட அதிகாரிகளைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும். போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

சம்பளத்துக்குச் சமமாக அந்த சைக்கிள் கோரிக்கையை ஏன் வைத்தார்கள் என்று வரலாறு படிக்கும் பிள்ளைகள் கேட்பதுண்டு. செம்மண் சடக்கில் மேடேறிக்கொண்டிருக்கும்போது நடுவில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி வராது. வேகம் கெடும், மூச்சு வாங்கும், மறுபடி ஏற முடியாது, மிச்ச மேட்டைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அவமானம் ஒரு பக்கம் என்றால் முழங்கால் வலி இன்னொரு பக்கம். அந்தக் கோரிக்கையை எழுதியவருக்கு இரண்டும் தெரிந்திருக்கிறது.

இதற்கும் பொம்மை வண்டிக்கும் தொடர்பு உண்டு. ஏறி ஓட்ட முடியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் வண்டியைச் செய்தார்கள். என் தலைமுறை வரைக்கும் லயத்தில் காடி என்பது வாங்கும் சாமான் இல்லை. சார்டின் டின் உடம்பு, அதன் வாய்ப்பகுதியை மடித்து விட்டால் லோரித் தொட்டி. ஓலைக்கீற்றின் ஈர்க்கோ பழைய குடைக் கம்பியோ அச்சு. சக்கரத்துக்கு அறுந்துபோன ஜப்பான் சிலிப்பர். சிலிப்பரில் ஒரு பால்டின் மூடியை வைத்துச் சுற்றி வரைந்து பிளேடால் அறுத்தால் நான்கு சக்கரம் தேறும். குதிகால் பக்கம் தேய்ந்திருக்கும். அதில் வெட்டிய சக்கரத்தை முன்னால் போடக் கூடாது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இழுத்து இழுத்துத் தெரிந்துகொண்டோம்.

உறுதியைச் சோதிக்கவும் எங்களிடம் ஒரு முறை இருந்தது. கித்தாக்கொட்டைச் சண்டை. ஒரு கொட்டையின் மேல் இன்னொன்றை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடிக்க வேண்டும், உடைந்தவன் தோற்றான். நல்ல கொட்டையைத் தேடி வரிசை வரிசையாக நடந்திருக்கிறோம். பெரிய கொட்டை ஜெயிக்காது. பளபளப்பும் உதவாது. சிறியதாக, முதுகு உருண்டு, ஓடு தடித்திருப்பதே நிற்கும். கடையில் ரிமோட் காடிகளின் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அந்தக் கொட்டைகள்தான் நினைவுக்கு வந்தன.

மான்ஸ்டர் டிரக்கின் பிறப்பும் விவசாய நிலத்தில்தான் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பக்கம் பாப் சாண்ட்லர் என்பவர் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கான பட்டறை வைத்திருந்தார். தன்னுடைய 1974ஆம் ஆண்டு ஃபோர்டு பிக்கப்பைக் கடைக்கு விளம்பரமாக மாற்றிக்கொண்டே போனார். ஓட்டும்போது அடிக்கடி ஏதாவது உடைத்துக்கொண்டு வருவாராம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அந்தக் கனமான காலுக்கு வந்த கேலிப்பெயரே வண்டிக்கும் நிலைத்தது: பிக்ஃபுட். 1981இல் ஒரு வயல்வெளியில் இரண்டு பழைய கார்களை வைத்து அவற்றின் மேல் ஏற்றிப் பார்த்தார். அதற்குப் பிறகு அரங்கம், கூட்டம், டிக்கெட் எல்லாம் வந்துவிட்டது. பிறகு அவர் மாட்டிய சக்கரங்களின் உயரம் 66 அங்குலம், அதாவது ஐந்தரை அடி. அவை காட்சிக்காகச் செய்த சக்கரங்கள் அல்ல. வயலில் உரம் தூவும் பெரிய இயந்திரங்களுக்காக குட்இயர் செய்தவை. ஈர மண்ணில் பாரம் பரவி, வண்டி புதையாமல் மிதந்து போக வேண்டும் என்பதற்காக அவ்வளவு அகலம், அவ்வளவு உயரம், உள்ளே குறைந்த காற்று.

சதுப்பு மண் தோட்டங்களில் டிராக்டருக்கு அகலச் சக்கரம் மாட்டுவதும் இதே கணக்கில்தான். அதாவது, பையன் கேட்டது ஒரு தோட்ட வண்டியைத்தான். அதே குட்இயர் 1972 முதல் ஷா ஆலாமில் டயர் தொழிற்சாலை நடத்தி 2024இல் மூடியது. பால் மரம் சீவிய கைகளும் டயர் வார்த்த கைகளும் இதே மாநிலத்தில் இருந்தன. பிக்ஃபுட்டின் புகழ் தொலைக்காட்சி வழியாக மட்டும் அவர்களை எட்டியது.

பொம்மையாக அது வந்தது ஜப்பான் வழியாக. ஷிசுவோக்கா நகரத்துத் தமியா நிறுவனம் மரம் அறுக்கும் தொழிலில் தொடங்கி, மர மாதிரிகளுக்கு மாறி, பிறகு பிளாஸ்டிக்குக்கு வந்தது. 1976இல் போர்ஷே 934 காரின் மாதிரியை ரேடியோவால் ஓட்டும்படி வெளியிட்டது. அதுவே அவர்களுடைய முதல் ரேடியோ கார். பிரேசிலிலிருந்து விக்ஹாம் ரப்பர் விதைகளைக் கொண்டுபோன ஆண்டு 1876. சரியாக நூறு வருடம். இதில் அர்த்தம் எதுவும் இல்லை, கண்ணில் பட்டது, சொல்லிவிட்டேன். 1979இல் மண்ணில் ஓடும் பக்கி வகைகள் வந்தன. 1986இல் பிளாக்ஃபுட், மான்ஸ்டர் பீட்டில். 1987இல் லஞ்ச் பாக்ஸ் என்ற குள்ள வேன், அதே ஆண்டில் கிளாட் பஸ்டர். இந்தக் கடைசி வண்டிக்கு முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார். நான்கு சக்கரமும் திரும்பும். கிளாட் பஸ்டர் என்றால் மண்கட்டியை உடைப்பது. பரம்படிக்கும் வேலையின் பெயரை நகரத்துப் பிள்ளைகளின் பொம்மைக்கு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் அவற்றின் விலை தோட்டத்து ஆள் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்காது. அதனால் எண்பதுகளில் நான் அவற்றைக் கண்ணாடிக்கு அப்பால்தான் பார்த்தேன். இன்று நிலைமை வேறு. சீனாவில் சாந்தோ நகரத்தின் செங்ஹாய் வட்டாரத்திலிருந்து உலகம் முழுவதற்கும் பொம்மைகள் போகின்றன. நூறு வெள்ளிக்குள் ரிமோட் காடி கிடைக்கிறது. கண்ணாடி விலகிவிட்டது நல்லதுதான். ஆனால் மலிவானது என்பதனால் மட்டும் அது நம் பிள்ளைகளுக்கானது ஆகிவிடாது. மூன்று நாளில் நின்றுபோய், திறக்கவும் முடியாமல் கட்டிலுக்கு அடியில் போகும் வண்டி, வண்டி என்பது கைக்கு எட்டாத ஒன்று என்ற பழைய பாடத்தையே பிள்ளைக்கு மறுபடி சொல்கிறது.

அப்பா தோட்டத்துப் பட்டறையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். தேர்வுக்கு அவரைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரப் பையன் ஒவ்வொரு வண்டியின் வேகத்தையும் சொல்லிக்கொண்டே வந்தான். அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை. வண்டியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தார். "எங்க தம்பி திருகாணி? கழட்ட முடியாத சாமான் எவ்ளோ கெட்டியா இருந்தாலும் ஒரு நாளைக்குக் குப்பதான்." பிறகு, "இந்தப் பல்லு மட்டும் தனியா கெடைக்குமா?" என்றார். பையன் விழித்தான். நாங்கள் அடுத்த கடைக்குப் போனோம்.

அந்த இரண்டு கேள்விகளே போதும் என்பது என் முடிவும். ஆனாலும் மண்ணை வைத்துச் சில விவரங்களைச் சொல்லலாம். உலோகம் அதிகமிருந்தால் வண்டி உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். உலோகக் கை வளைந்தால் வளைந்ததுதான், நிமிர்த்த முடியாது. அடியை வாங்கி அடுத்த பாகத்துக்குத் தள்ளியும் விடும். நல்ல நைலான் கை வளைந்து திரும்பும். நைலான் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். குடித்தால் நொறுங்கும் தன்மை குறையும். நம் ஊர்க் காற்றுக்கு ஏற்ற சாமான். மாறாக, கியர்ப் பெட்டிக்குள் உலோகப் பல் இருப்பது நல்லது. அதைவிட முக்கியம் பெட்டி முழுக்க மூடியிருப்பது, செம்மண் தூசு உள்ளே போகக் கூடாது. சக்கரத்துக்குள் பிளாஸ்டிக் புஷ் இருந்தால் முதல் வாரத்திலேயே ரப்பர் மூடி போட்ட பால் பேரிங்காக மாற்றிவிட வேண்டும். முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோவுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு கை இருக்கும். பனைமட்டையில் மோதினால் அந்த அடி சர்வோவின் பல்லுக்குப் போகாமல் அது தாங்கிக்கொள்ளும். கட்டிலுக்கு அடியில் கிடந்த முதல் வண்டியில் அது இல்லை.

செம்பனைக் காட்டில் ஓட்டினால் இன்னொரு தொல்லை. உதிர்ந்த குலைகளின் முள்ளும் நாரும் அச்சில் சுற்றிக்கொள்ளும். சுற்றியது தெரியாமல் ஓட்டினால் மோட்டார் சூடேறிக் கருகும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, அச்சைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பேட்டரியைப் பொறுத்தவரை பதினோரு வயதுக்கு நிக்கல் வகையே என் தேர்வு. லிப்போ வகை அதிக சக்தி தரும், ஆனால் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். குத்துப்பட்டாலோ, உப்பியதைத் தெரியாமல் சார்ஜில் போட்டாலோ தீப்பிடிக்கும். மத்தியான வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகும் குடும்பம் எங்களுடையது.

அடி தாங்குவது மட்டுமே கணக்கென்றால் அமெரிக்கத் தயாரிப்பான டிராக்சஸ் ஸ்டாம்பீட் மாதிரி ஒன்றை வாங்கச் சொல்வேன். 1994 முதல் வரும் வண்டி, உதிரிப் பாகங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும், இப்போது வருபவை தண்ணீருக்கும் பயப்படாது. பெட்டியைத் திறந்தால் ஓட்டலாம். நாங்கள் வாங்கியது அதுவல்ல. மறுபதிப்பாக வந்துகொண்டிருக்கும் அந்தப் பழைய லஞ்ச் பாக்ஸை வாங்கினோம். அதன் குறைகள் தெரிந்துதான். வேகமாக எடுத்தால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். பின்சக்கரங்களுக்கு மட்டுமே இயக்கம், களிமண்ணில் திணறும். மேற்கூடு வளையாத பிளாஸ்டிக், குப்புற விழுந்தால் மூலை விரியும். ஆனால் அது துண்டு துண்டாகத்தான் வரும். ஒவ்வொரு திருகாணியையும் பையனே போட வேண்டும். ஷாக்கில் எண்ணெய் கிடையாது, ஆகவே ஒழுகவும் வழியில்லை. பாகங்களும் குறைவு.

கட்டி முடிக்க நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கியர்ப் பெட்டியைப் பூட்டும்போது அப்பா அவனை நிறுத்தினார். "இரு. மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ கையால சுத்திப் பாரு. சத்தம் கேக்குதா? கேட்டுக்கோ. நாளைக்கு இந்தச் சத்தம் மாறுச்சுன்னா உள்ள எதோ தேஞ்சிருக்குன்னு அர்த்தம்." டிராக்டருக்கு அவர் முப்பது வருடம் செய்ததும் இதுதான். மூலை விரிந்தபோது உள்பக்கம் கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்துப் பசை போடச் சொன்னார். வெளியே தழும்பு தெரிகிறது. பையன் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்ட மறுத்துவிட்டான்.

ஓட்டுவதற்கு இடம் தேடுவதுதான் இப்போது பெரிய வேலை. தங்கை குடும்பம் இருப்பது அடுக்குமாடியில், மூன்றாவது மாடி. கீழே கார் நிறுத்துமிடம் மட்டும்தான். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும் என்பதுதான் அன்றிலிருந்து வழக்கம். புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, நைஜல் கார்ட்னர், மிஞ்ஞாக் என்ற ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் தங்களுக்குச் சொல்லப்பட்ட வீடுகளுக்காக எத்தனை ஆண்டுகள் மனு எழுதினார்கள் என்பதைப் பத்திரிகை படிக்கும் எல்லோரும் அறிவார்கள். ஈஜோக் பக்கம் ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு காடு குறைந்து ஒரு தாமான் கூடியிருக்கிறது. வீடு வேண்டும்தான். அந்த வீடுகளின் வரைபடத்தில் திடல் எங்கே என்று கேட்டவர்கள் குறைவு.

ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வேலை செய்த தோட்டத்துக்குப் போகிறோம். லயங்களில் பாதி இடிந்துவிட்டது. மீதியில் வங்காளதேசத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பழைய திடலில் லாலாங் முட்டிவரை நிற்கிறது, ஒரு கோல் கம்பம் மட்டும் மிச்சம். கம்பத்திலிருந்து பழைய பால் ஸ்டோர் வரைக்கும் லோரித் தடம் பதிந்த செம்மண் சடக்கு ஒன்று இருக்கிறது, சுமார் இருநூறு அடி. போன முறை அங்கே குடியிருக்கும் இளைஞர்கள் இருவர் வேலி ஓரமாக வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன் ரிமோட்டை நீட்டினான். ஒருவர் வாங்கி, மேட்டில் ஏற்றி, திரும்பும்போது குப்புறக் கவிழ்த்துவிட்டார். பதறிப்போய் ஓடி எடுத்துக் கொடுத்தார். "பரவால்ல அங்கிள், ஒடஞ்சா நானே செஞ்சிருவேன்" என்றான் அவன் தமிழில். அவருக்குப் புரியவில்லை. அப்பா மலாயில் சொன்னார்.